முதுகில் போட்ட ரோடு

அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவள் யோகேஸ்வரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அவளுக்கு ரூம் சுத்தம் செய்கிற வேலை. ஒரு நாளைக்குப் பதினாறு ரூம். ஊரான் புரண்டு எழுந்த மெத்தைக்கெல்லாம் சுருக்கமில்லாமல் விரிப்புப் போட்டுவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால் நாலு வயது எழில் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். "வெளாடலாம் வாம்மா!" இடுப்பு கழன்று விழுகிறது, இதில் என்னத்தை விளையாடுவது? படுத்துக்கொண்டே விளையாட ஒரு வழி வேண்டும். அரை மணி நேரம் போதும், ஆண்டவனே!

யோசித்து யோசித்து, புருஷன் ஆனந்தனின் பழைய டீ-சர்ட் ஒன்றை எடுத்து முதுகுப் பக்கம் மார்க்கரால் ரோடு வரைந்தாள். மேலே கேளம்பாக்கம், கீழே மாமல்லபுரம், நடுவில் திருப்போரூர், இரண்டு சிக்னல். இதை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டால் குழந்தை முதுகு மேல் பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டிருக்கும். அதற்கு விளையாட்டு, இவளுக்கு முதுகு பிடித்துவிட்ட மாதிரி.

மாட்டிக்கொள்ளப் போகிற நேரத்தில் உலை பொங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள், அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த ஆனந்தனிடம் எழில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இவள் வந்து பார்த்தால் அவன் டீ-சர்ட்டை மாட்டிக்கொண்டு பாயில் கிடக்கிறான்.

"யோவ், அது எனக்குப் போட்டதுய்யா!"

"ஒரு அஞ்சு நிமிசம் யோகு. காலையிலேர்ந்து ஷேர் ஆட்டோ ஓட்டிகினு முதுகே போச்சு."

அவனுக்கும் அலுப்புதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்த அஞ்சு நிமிஷம் ஆறு மாதமாகியும் முடியவில்லை. சரி தொலையட்டும் என்று அவள் ஆஸ்பத்திரி விளையாட்டு கண்டுபிடித்தாள். எழில் டாக்டர், நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். கண்டுபிடித்த அன்றைக்கே ஆனந்தன் நோயாளி, கஞ்சி கொண்டு வருகிற நர்ஸ் அவள். நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான்.

அதோடு விட்டானா? செல்போனில் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டான். எழிலின் பள்ளிக்கூடத்து டீச்சர் லோகநாயகி அதைப் பார்த்துவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் அவனை எழுப்பி நிறுத்தினாள். "இந்த ஐடியாவெல்லாம் எப்படி சார் வருது உங்களுக்கு?"

யோகேஸ்வரி அவன் முகத்தையே பார்த்தாள். சொல்லுய்யா. என் பெயரை ஒரே ஒரு தரம் சொல்லு. அந்த அரை மணி நேரத்தை நீயே வைத்துக்கொள்.

ஆனந்தன் தலையைச் சொறிந்தான். "இன்னா டீச்சர், புள்ளைக்கோசரம் யோசிச்சா தானா வருது."

எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் இவள் பக்கம் திரும்பி, "நீங்க குடுத்து வச்சவங்க" என்றாள். யோகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினாள். விளக்குப் போடவில்லை, டீ வைக்கவில்லை. பாய்கூட விரிக்காமல் வெறுந்தரையில் படுத்தாள். விளையாட்டுக்கு இல்லை, சும்மாதான்.

பின்னாலேயே வந்த எழில் அப்படியே நின்றுவிட்டாள். தான் தூங்கின பிறகு படுத்து, தான் விழிப்பதற்குள் எழுந்துவிடுகிற அம்மா. அம்மாவை இந்தக் கோலத்தில் குழந்தை பார்த்ததே இல்லை.

"அப்பா! ஓடியா! அம்மா வுழுந்துடுச்சு!"

ஓவென்று அழுதாள். ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்த ஆனந்தன் பதறிக்கொண்டு வந்தான். "இன்னா ஆச்சு? மயக்கமா?"

"ஒண்ணுமில்ல. படுத்துகினு கீறேன்."

"அடச்சே! உயிரே போயிடுச்சு எனக்கு. எந்திரி மொதல்ல, பாப்பா பயப்படுது பாரு."

எழில் விசும்பிக்கொண்டே இரண்டு கையாலும் அவளைப் பிடித்து இழுத்தாள். யோகேஸ்வரி எழுந்து நின்ற பிறகுதான் குழந்தை அழுகையை நிறுத்தியது.