அன்னபுஷ்பத்தின் நிறம்

2003ஆம் வருஷம் ஆடி மாதத்தில், படப்பை மெயின் ரோட்டில் லூர்து டிஜிட்டல் ஸ்டுடியோவின் கண்ணாடி ஷோகேஸில் மாட்டியிருந்த நாலடி உயரப் போட்டோ வெளுக்கத் தொடங்கியது. அதே வாரத்தில் அந்தப் போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்த அன்னபுஷ்பமும் வெளுக்கத் தொடங்கினாள். தக்காளி விலை இறங்கியதும் அந்த வாரத்தில்தான். ஊர் முதலில் தக்காளியைப் பற்றித்தான் பேசியது. பெண்கள் வெளுப்பதற்குக் கடைகளில் ஆயிரம் கிரீம் விற்கிறது. தக்காளி இறங்கியதற்குத்தான் யாருக்கும் காரணம் தெரியவில்லை.

அன்னபுஷ்பம் ஸ்டுடியோக்காரர் லூர்துராஜின் மனைவி. மாதா கோயில் பாடகர் குழுவில் அவள் குரல்தான் முதல் குரல். லூர்துராஜ் பிலிம் ரோல் காலத்திலிருந்தே அதே இடத்தில் கடை வைத்திருந்தவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் வர வர, தெற்கத்திப் பையன்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, கம்பெனி அடையாள அட்டைக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுக்க அவர் வாசலில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் கடையில் தொங்கிய ஒரே டைதான். அந்த வட்டாரத்தின் பழைய அட்டைகளைப் பார்த்தால் ஒரு தலைமுறையே ஒரே டையில் விறைத்துக்கொண்டு நிற்பது தெரியும். பிறகு மனைகள் விற்றன, வீடுகள் எழும்பின. வீடு வந்தால் ஹால் வரும், ஹால் வந்தால் சுவர் வரும், சுவர் வந்தால் அதில் கல்யாணப் போட்டோ ஆளுயரத்துக்கு வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். ஒவ்வொரு பெரிய பிரிண்டுக்கும் மெட்ராஸுக்கு அனுப்பிக் காத்திருந்து அலுத்துப்போன லூர்துராஜ், அகலமான பேப்பரில் அடிக்கிற இங்க்ஜெட் மெஷின் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

முடிவு செய்தாரே தவிர, எதை வாங்குவது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த காபி ஆறுவதற்குள் சம்மதம் சொன்னவர், மெஷின் பார்க்கும்போது மட்டும் மெட்ராஸ் ரிச்சி தெருவுக்கும் படப்பைக்குமாக நடையாய் நடந்தார். அங்கே ஆறுமுகநயினார் என்கிற திருநெல்வேலிக்காரர் ஒரு டீலர் கடையில் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று, தண்ணீரில் கரைந்த சாயத்தால் அடிப்பது. அதில் வந்த படம் தீபாவளிக் கடைவீதி மாதிரி ஜொலித்தது. அதில் யாரை அடித்தாலும் முகத்தில் ஒரு பவுன் கூடியிருந்தது. இன்னொன்று, பொடியாய் அரைத்த நிறமியால் அடிப்பது. இருப்பதை இருக்கிறபடியே அடித்தது, ஒரு இம்மியும் கூட்டவில்லை. கடைக்கு வந்தவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜவுளிக்கடையில் வெள்ளைச் சேலையைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் அன்னபுஷ்பமும் கூடப் போயிருந்தாள். அவள் விரல் நுனியை நாக்கில் தொட்டு, ஜொலித்த படத்தின் மூலையில் தேய்த்தாள். புடவைக்கடையில் செய்வது அதுதான், இங்கேயும் அதையே செய்தாள். விரலில் சிவப்பு ஏறியது.

"இன்னாங்க, இது சாயம் போவுது" என்றாள்.

நயினார் பதறிப்போனார். "அக்கா, போட்டோவ அப்படியெல்லாம் தேய்க்கக் கூடாது பாத்துக்கிடுங்க. வெயில் படாம வச்சா ஒண்ணும் ஆவாது. ஆனா நெசமாச் சொல்லுதேன் அண்ணாச்சி, காலத்துக்கும் நிக்கணும்னா மத்தத எடுங்க."

லூர்துராஜ் ஜொலிக்கிறதையே எடுத்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஊரில் தொழில் செய்கிறவர், அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் போட்டோ எடுக்க வருகிறவர் யாரும் 'என்னைக் கொஞ்சம் சிவப்பாக்கு' என்று வாயைத் திறந்து கேட்பதில்லை, கேட்காமலேயே ஆக்கித் தருபவர்தான் நல்ல போட்டோகிராபர். லூர்துராஜ் அந்த வகையில் வட்டாரத்திலேயே நல்லவர். மெஷின் வந்து இறங்கியதும் முதல் படமாகத் தன் மனைவியையே பட்டுச் சேலையில் நிறுத்தி எடுத்தார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவள் முகத்தில் வெளிச்சத்தை ஏற்றினார். போதவில்லை என்று மறுபடியும் ஏற்றினார். ஏற்றியதை அசலின் மேலேயே சேமித்தார். படத்தைக் கொண்டுபோய் ஷோகேஸில் மாட்டினார். அந்தக் கண்ணாடி மேற்கு பார்த்தது. மத்தியானம் திரும்பியதிலிருந்து பொழுது சாயும்வரை ஒரகடத்துப் பக்கத்து வெயில் முழுவதும் அதன் மேல்தான் விழும்.

ஆரம்பத்தில் அன்னபுஷ்பம் வெளுத்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கிரீமின் பேர் கேட்டார்கள். அவள் ஷோகேஸைக் காட்டினாள். விஷயம் மணிமங்கலம்வரை பரவியது. சேரப்பணஞ்சேரி முனியம்மாள், வரன் தேடிக்கொண்டிருந்த தன் மகளை லூர்துராஜிடம் ஆளுயரத்துக்கு அடித்து வாங்கி, மொட்டைமாடியில் வடகத்துக்கும் மிளகாய்க்கும் பக்கத்தில் காயப்போட்டாள். நிச்சயமான அன்றே படத்தை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள், காரியக்காரி. எல்லோருக்கும் அந்த நிதானம் இருக்கவில்லை. கோவில்பட்டிப் பையன் இசக்கி தன் படத்தை வாடகை ரூமின் மாடியில் போட்டுவிட்டு வரிசையாக நைட் ஷிப்ட் போய்வந்ததில், எடுக்க மறந்துபோனான். லைனில் அவன் நின்று வேலை செய்துகொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் அவனுக்கு ஆப்சென்ட் போட்டார்.

ஐப்பசி வாக்கில் அன்னபுஷ்பத்தின் ஊடாகப் பின்னால் இருக்கும் சுவர் தெரிந்தது. உடுத்திய சேலையும் அவளோடு சேர்ந்து மறைந்தது. அவிழ்த்துக் கொடியில் போட்டால் பளிச்சென்று தெரிந்தது. ஷேர் ஆட்டோவில் காலி இடம் என்று நினைத்து அவள் மடியிலேயே ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஒரு கட்டத்தில் லூர்துராஜுக்குக் காபி டம்ளர் மட்டும் தனியாக நடந்து வந்தது. அவர் ஓடிப்போய் ஷோகேஸ் படத்தை இறக்கி உள்ளே வைத்தார். வெள்ளம் வந்த பிறகு அணை. அதே மெஷினில் அதே படத்தை மறுபடி அடித்துப் பார்த்தார். அன்னபுஷ்பம் காலண்டர் மாதா மாதிரி ரோஜா நிறத்தில் ஒரு வாரம் நடமாடினாள், கண்ணாடியில் பார்த்துவிட்டு "இது யாரு?" என்று கேட்டாள், அடுத்த வாரம், வெயிலே படாமல்கூட, முன்னைவிட வேகமாக வெளுத்துப்போனாள்.

அதையும் ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். ஆனால் திருவருகைக்காலம் தொடங்கியதும் அவள் குரலும் வெளுக்கத் தொடங்கியது. கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில் முதல் குரல் எங்கே என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டுதான் இருந்தாள், பக்கத்தில் நின்றவர்களுக்கு அது அடுத்த தெருவிலிருந்து வருவது போலக் கேட்டது. குரலும் போய்விட்டால் அவள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இருக்காது. அன்று லூர்துராஜ் பயந்தார். அப்படி அவர் அதற்கு முன் பயந்ததில்லை. சாப்பிடும்போது எதிரில் இருந்த வெறும் நாற்காலியைப் பார்த்து, "அன்னம், கீறியா?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்.

நயினார் வந்து பார்த்தார். ஜொலிக்கிற மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு மற்றதை இறக்கிக் கொடுத்தார். "அண்ணாச்சி, இது வெயிலுக்கு அசராது. ஆனா ஒண்ணு. நீங்க என்ன கொடுக்கியளோ அதத்தான் இது அடிக்கும். பொய்ய கொடுத்தா பொய்யத்தான் அடிக்கும். அக்காவோட சரியான நெறம் வேணும்."

சரியான நிறம் எங்கே இருக்கிறது? அசல் படத்தைத்தான் அவரே அழித்துவிட்டாரே. கல்யாண ஆல்பத்தை எடுத்தார்; அதை எடுத்தவர் லூர்துராஜின் குரு, அவரைவிட நல்லவர், மணப்பெண் சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தாள். சொந்தக்காரப் பிள்ளைகளின் ஞானஸ்நானம், புதுநன்மை, பிக்னிக் என்று வீட்டில் இருந்த அத்தனை படத்திலும் அவளை வெளுக்கவைத்தது லூர்துராஜின் கைதான். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் படம் மட்டும் இருந்தது. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவருக்குப் பெண்டாட்டியின் நிறம் கண்ணுக்குள் வரவில்லை.

அவர் பாலாடையில் தொடங்கி அடுப்புக்கரிவரைக்கும் நிறம் நிறமாகப் பேப்பர்ப் பட்டைகள் அடித்து, கடைக்குள் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். ஊரைக் கூப்பிட்டுக் கேட்டார். இங்கேதான் காரியம் கெட்டது. அடுத்தவன் பெண்டாட்டியைக் கறுப்பு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் படப்பையில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் "மாநிறம்தாம்பா" என்றார்கள். டீக்கடை அண்ணாதுரை தன் கடையின் பால் தூக்கலான டீயை ஒத்த பட்டையைக் காட்டினார். கோவிந்தம்மா அதற்கும் இரண்டு பட்டை முன்னால் காட்டினாள். லூர்துராஜ் வீடு அவள் பால் ஊற்றுகிற வீடு. பங்குச் சாமியார் ஆண்டவர் பார்வையில் எல்லா நிறமும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். லூர்துராஜ் ஊர் சொன்ன நிறத்தில் சின்னதாக ஒன்று அடித்துப் பார்த்தார். அடுக்களையில் யாரோ ஒரு சிவத்த பெண்ணின் கை தோன்றி உப்பு டப்பாவைத் தேடியது. அவர் ஓடிவந்து படத்தைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் மத்தியானம் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, மூலையிலிருந்து நூல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஊர் பூரா கேட்டீங்க. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ மனசு கஷ்டப்படுவியேன்னு..." என்று இழுத்தார் லூர்துராஜ்.

"கறுப்பா பொறந்ததுக்கு நான் ஏன் கஷ்டப்படணும்? கல்யாணம் ஆனதுலர்ந்து என்ன வெள்ளையடிச்சிக்கினே கீறீங்களே, அதுக்குத்தான் கஷ்டம். என் மூஞ்சி உங்களுக்கே ஆவலன்னு தான நெனச்சேன்?"

கயிற்றின் கோடியில், கரிக்கு முந்தின இடத்தில், ஒரு கிளிப் தானாகத் திறந்தது. பட்டை காற்றில் மிதந்து வந்து மேஜையில் அவர் முன்னால் படுத்தது.

"இதான். என்னப் பெத்த நைனா கலரு."

லூர்துராஜ் அந்தப் பட்டையைப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. இந்த நிறத்தைப் பார்த்துத்தான் அவர் மயங்கினார். இந்த நிறத்துக்காகத்தான் ஊர் முன்னால் கூச்சப்பட்டார். மயங்கியதை அவளிடம் சொன்னதே இல்லை. கூச்சத்தை மட்டும் வருஷம் தவறாமல் படம் படமாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வெளியே சத்தம் கேட்டு அண்ணாதுரை கடையிலிருந்தவர்கள் டம்ளரோடு வாசலுக்கு வந்து நின்றார்கள்.

அழுது முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். படத்தில் ஏற்றிவைத்ததை எல்லாம் இறக்கினார், பட்டையோடு ஒட்டிப் பார்த்துப் பார்த்து இறக்கினார். உயர்ந்த தரத்தில் அடிக்கச் சொல்லிப் பொத்தானைத் தட்டினார். அந்த மெஷின் உயர்ந்த தரத்தில் அடித்தால் சோறு பொங்கிவிடலாம், அவ்வளவு நிதானம். முதலில் காகிதத்தில் தலைமுடி வந்தது. கடையின் நடுவில், ஆள் உயரத்தில், தலைமுடி வந்தது. பிறகு நெற்றி. பிறகு கண்கள், அவை நேராக லூர்துராஜையே பார்த்தன. மூக்கு வந்தது. மின்விசிறி ஒருமுறை தயங்கியது; கரண்ட் போய்விடுமோ என்று வாசலில் நின்ற அத்தனை பேரும் மாதாவையும் மாரியாத்தாவையும் ஒருசேர வேண்டிக்கொண்டார்கள். போகவில்லை. வாய் வந்தது. வாய் வந்ததும் திட்டு விழும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள் அன்னபுஷ்பம், பழைய கணீர்க் குரலில். "நான் இன்னா கலரு?"

"கறுப்பு" என்றார் லூர்துராஜ்.

வாசலில் ஒருவர் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"நல்ல கறுப்பு. எனக்கு அதான் புடிச்சது. அன்னிக்கே புடிச்சது."

அப்போது தோள்வரை வந்திருந்தாள்.

"நீங்களும் ஒண்ணும் செவப்பு இல்ல" என்றாள்.

கை வந்ததும் அந்தக் கையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். கால் வருவதற்குள் கூட்டம் கலைந்து, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முதல் குரல் கோயில் ஓட்டைத் தூக்கியது. மாடியில் காய்ந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து, அசடு வழிந்துகொண்டே தங்கள் நிறத்தைத் தாங்களே காட்டி அடித்துக்கொண்டு போனார்கள். இசக்கிக்கு ஆப்சென்ட் போட்ட நாட்களின் சம்பளம் மட்டும் வரவில்லை. அன்னபுஷ்பம் அதன்பிறகு எந்த வெயிலுக்கும் வெளுக்கவில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் மட்டும் லேசாகப் பச்சை அடிப்பாள். நிறமி மெஷின்களில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு குறை உண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று நயினார் சொல்லிவிட்டதால் ஊரும் அதற்குமேல் கேட்கவில்லை. லூர்துராஜ் வீட்டு டியூப்லைட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டுக் குண்டு பல்பு மாட்டினார்.