முகம் பார்த்துப் போட்ட கையெழுத்து

அந்த மருத்துவமனைச் சமையலறையில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பால் திரியப் போவது பாலுக்கே தெரியாத நேரத்தில் இவளுக்குத் தெரிந்துவிடும் என்று கேலி பேசுவார்கள். பதினெட்டு வருடமாக, நோயாளிகளுக்குப் போகிற ஒவ்வொரு பாத்திரத்தையும் முகர்ந்து, ஒரு கரண்டி ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அந்தக் கையெழுத்து விழாமல் சாப்பாட்டுத் தள்ளுவண்டி நகராது.

அந்த மூக்கு அடங்கிப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலில் சளி என்று நினைத்தாள். சளி போயிற்று, வாசனை வரவில்லை. நாக்கிலும் ருசி மங்கியது. வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று மூச்சு விடவில்லை. காய் நறுக்குகிற குட்டையான பெண், எல்லோருக்கும் சிட்டு, பக்கத்தில் நிற்பாள். "நீயும் ஒரு வாய் பாருடி" என்று இவள் அவளிடம் கரண்டியை நீட்டுவாள். சிட்டுவின் முகம் சுளித்தால் பாத்திரம் திரும்பிப் போகும், சுளிக்காவிட்டால் கையெழுத்து.

சிட்டு விடுப்பில் போன ஒரு நாள், புளித்துப்போன பருப்பு சூப்புக்கு இவள் கையெழுத்துப் போட்டாள். வார்டில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். கண்காணிப்பாளர் கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் பாத்தப்ப நல்லாத்தான் சார் இருந்துச்சு. நேத்து வேகவெச்ச பருப்பை சிட்டு வெளியிலயே வெச்சுட்டுப் போயிருக்கா. அதான் அப்புறம் புளிச்சிருக்கும்."

சிட்டு பருப்பை ஃப்ரிட்ஜுக்குள் வைத்ததை இவளே கண்ணால் பார்த்திருந்தாள். மறுநாள் சிட்டுவைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். அவள் கத்தியை வைத்துவிட்டுப் போனாள். இவள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்து உணவியல் அதிகாரி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "என்னக்கா, உங்க கையெழுத்து எறும்பு சைஸுக்கு வந்துடுச்சு?" என்று கேட்டாள். வலது கையும் சும்மா இருக்கும்போது தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியிருந்தது. கணவர் விடாப்பிடியாக நரம்பு டாக்டரிடம் இழுத்துப் போனார்.

டாக்டர் நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், எழுதச் சொன்னார். பிறகு, "வாசனை நல்லா தெரியுதாம்மா?" என்றார்.

இவள் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "இவ மூக்குக்கு ஈடு கிடையாது டாக்டர்!"

டாக்டர் கண்ணை மூடச் சொல்லி ஒரு சீசாவை நீட்டினார். அவளுக்கு ஒரு வாசனையும் வரவில்லை. "எலுமிச்சை" என்று குருட்டாம்போக்கில் சொன்னாள்.

கணவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, காப்பித்தூள்! இங்க வரைக்கும் அடிக்குதே." சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

"பார்க்கின்சன் நோய்ல இது சகஜம்மா. நிறைய பேருக்கு நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாடியே வாசனை போயிடும். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல" என்றார் டாக்டர்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு அவளுக்கு உடம்பு கூசியது.

மறுநாள் காலை நேராகப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனாள். சிட்டு முழங்கைவரை சோப்பு நுரையோடு நின்றிருந்தாள்.

"எனக்கு வாசனையே தெரியாது சிட்டு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. உன் மேல பொய் சொன்னேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"நீங்க எங்க சூப்பைப் பாத்தீங்க? என் மூஞ்சியைத்தானே பாத்தீங்க. உங்களுக்குப் புரியணுமேன்னு நான் கொஞ்சம் ஜாஸ்தியாவே சுளிப்பேன்."

இவளுக்குத் தலை நிமிரவில்லை. "அப்பவே சார்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஏழு மாசம் ஆச்சு."

கன்னத்தில் ஒன்று அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது. அப்படியே கண்காணிப்பாளர் அறைக்குப் போய், சிட்டுவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னாள். கை ஆடியது, மறைக்கவில்லை. அவர், "மூணு நோயாளிங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

ருசி பார்க்கும் வேலை சிட்டுவுக்குப் போயிற்று. இவளைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். மாத்திரையில் கை நடுக்கம் கொஞ்சம் தணிந்தது. சிட்டு எதிரே வந்தால் "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்கத்தான் செய்கிறாள். ஆனால் மதியம் வேறு மேசையில் உட்காருகிறாள். இவளும் தானாகப் போய்ப் பக்கத்தில் உட்காருவதில்லை.