கறுப்புப் பொம்மையும் பதினேழாவது கோப்பும்

சங்கரேஸ்வரி எந்த அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தாள் என்று சொல்வதற்கில்லை. சங்கரன்கோவிலில் அலுவலகங்கள் பல. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தங்களைக் கவனிக்காமல் விட்டதாக வருத்தப்படும். அனுமதி கேட்டு வருகிற எந்தக் கோப்பும் அவள் மேசையில் இறங்கி, அவள் கையெழுத்தோடுதான் அதிகாரியின் அறைக்குப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

அந்தக் கையெழுத்துக்கு அவள் எதுவும் வாங்கமாட்டாள். புளியங்குடிக்காரர் ஒருவர் ஒரு தடவை ஒரு பை எலுமிச்சம்பழத்தை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நைசாக நழுவினார். அவர் பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் பை ஆட்டோவில் ஏறி அவருக்கு முன்னால் போய் நின்றது. ஆட்டோக்காரருக்குக் கூலியும் அவளே கொடுத்து அனுப்பியிருந்தாள்.

இதனால் ஊருக்குப் பெரிய சிரமம். வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டால் கொடுத்தவனுக்கு மனம் ஆறிவிடும். வாங்காதவரிடம் என்ன செய்வது? வரிசைப்படி வரும் என்று அவள் சொன்னால், அதை நம்பும்படியான அனுபவம் யாருக்கும் இல்லை. எல்லோரையும்விட அதிகம் கவலைப்பட்டவன் அலுவலக உதவியாளர் பாண்டிராஜ். அவள் அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்பு அவன் வாசலில் வந்து நின்றாலே நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்வார்கள். இப்போது தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு மட்டும் அவனைக் கூப்பிட்டார்கள்.

"பணம் வேண்டாங்காக, பழம் வேண்டாங்காக. மனுசின்னா ஏதாவது ஒண்ணு பிடிக்கத்தான வே செய்யும்" என்று அவன் டீக்கடையில் அங்கலாய்ப்பான்.

பிடித்தது. ஐம்பத்தோராவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, கீழ ரத வீதிப் பக்கம் இருக்கிற ஃபஹீமாவின் ஃபேன்சி ஸ்டோரில்.

கூட வேலை பார்க்கிறவளின் மகளுக்குப் பிறந்தநாள் என்று பரிசு வாங்கப் போயிருந்தாள். ஃபஹீமா ஒரு பொம்மையை எடுத்துக் காட்டினாள். முழங்கை உயரம், ஒல்லி உடம்பு, சாய்த்த பார்வை, மினுமினுப்பான கவுன். சங்கரேஸ்வரி சும்மா அதன் கையைத் தொட்டுப் பார்த்தாள். கை தோளில் சுற்றியது. முழங்கையில் மடங்கியது. மணிக்கட்டில் கூட லேசாகத் திரும்பியது. இடுப்பில் கைவைத்து நிறுத்தியதும், இத்தனை நேரம் பொம்மையாக இருந்தது, யாரையோ எதற்கோ கேள்வி கேட்கிற பெண்ணாக ஆகிவிட்டது.

"இதுல இன்னொண்ணு இருக்கா?" என்றாள்.

"ரெட்டைப் பிள்ளையா மேடம்?"

"இல்ல. எனக்கு."

ஃபஹீமா கடை நடத்துகிறவள். எதையும் கேட்காமல் பில் போட்டாள்.

காரணம் என்ன என்று வீட்டில் நல்லகண்ணு கேட்டார். நல்லகண்ணு அவளுடைய கணவர், உரக்கடை வைத்திருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் படிக்கப் போய்விட்ட ஏக்கமா, சின்ன வயதில் பொம்மை கிடைக்காத குறையா, ஜாதகத்தில் ஏதாவதா என்று வரிசையாகக் கேட்டார். அவளும் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். ஒரு காரணமும் அகப்படவில்லை.

"பிடிச்சிருக்கு" என்றாள்.

"அது சரி. யாராவது கேட்டா கொலுவுக்குன்னு சொல்லிரு."

"கொலு வைக்கிற பழக்கம் நமக்கு இல்லையே."

"பொம்மை வாங்குத பழக்கமும்தான் இல்ல" என்றார் நல்லகண்ணு.

அரசு ஊழியருக்கு எதையும் விதிமுறையோடு செய்தால்தான் நிம்மதி. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கென்று பெண்கள் பேசிப் போடுகிற காணொளிகளை உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தாள். மாதம் ஒன்றுக்கு மேல் வாங்கக் கூடாது. விலை உயர்ந்ததைப் பார்த்து மயங்கக் கூடாது. சல்லிசான பொம்மையிலும் முகம் நன்றாக இருந்தால் வாங்கி, தலையை வெந்நீரில் இளக்கிக் கழற்றி, மடங்குகிற உடம்பில் மாட்டிக்கொள்ளலாம். சிக்கான முடியைத் துணிக்குப் போடுகிற கண்டிஷனரில் ஊறவைத்து, நுனியிலிருந்து சீவ வேண்டும். கறுப்பு, சிவப்பு உடுப்பைப் போட்டு அப்படியே விட்டால் சாயம் உடம்பில் இறங்கிவிடும். ஒரு நோட்டில் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பில்லை அதில் ஒட்டினாள். ஆடித்தபசுத் திருவிழாக் கடைகளில் குவித்துப் போட்டு விற்கிற பொம்மைகளில் கூட, உச்சியில் வழுக்கை இல்லாததாக ஒன்றைத் தேடிப் பிடித்துப் பில் கேட்டாள். விற்றவர் முதலில் பயந்து போனார். பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஒரு குறை இருந்தது. வருடத்தில் பாதி நாள் வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில், கடையில் இருந்த பொம்மைகள் அத்தனையும் பனியில் பிறந்த நிறம். மஞ்சள் முடி, நீலக் கண். கறுப்பாக, சுருட்டை முடியோடு, கணுக்கால் வரை மடங்குகிற ஒன்றை அவள் படத்தில் பார்த்திருந்தாள்.

"கறுப்பு ஓடாது மேடம்" என்றாள் ஃபஹீமா. "பொம்மையாவது செவப்பா இருக்கட்டும்னு வாங்குதவங்கதான் ஜாஸ்தி. மெட்ராஸ்ல சொல்லி வைக்கேன்."

நாலு மாதமாகியும் வரவில்லை. வந்தபோது அது அவளிடம் வரவில்லை. கைபேசிக்கு உறை வாங்க அந்தக் கடைக்கு வந்த பாண்டிராஜ், ஃபஹீமா எதார்த்தமாகச் சொன்ன ஒரு வார்த்தையில் அப்படியே நின்றுவிட்டான்.

"இது உங்க ஆபீஸ் மேடம் கேட்டது. கலெக்‌ஷன் பண்ணுதாங்கல்லா."

பாண்டிராஜுக்குக் கண் கலங்கியது என்று பிற்பாடு ஃபஹீமா சொன்னாள். ஆறு வருடமாகத் தேடிய சாவி ஒரு கண்ணாடி அலமாரியில் சுருட்டை முடியோடு நின்றுகொண்டிருந்தது.

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து பரமசிவன் என்றொரு பெரியவர் ஒரு அனுமதிக்காக நடந்துகொண்டிருந்தார். ஆடும் கொஞ்சம் மானாவாரி நிலமும் வைத்திருப்பவர். அவரிடம் பாண்டிராஜ் விஷயத்தைச் சொன்னான். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு போய் வாங்கினார். ஆனால் பாண்டிராஜ் கையில் கொடுக்கவில்லை. தான் வாங்கியதைத் தானே கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி.

மறுநாள் காலையில் சங்கரேஸ்வரியின் மேசை முன் நின்று, மஞ்சப்பைக்குள் கைவிட்டு, பெட்டியை வெளியே எடுத்து வைத்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"வீட்ல சும்மா கெடந்ததும்மா. நீங்க வச்சுக்கிடுங்க."

கண்ணாடித்தாள் ஒட்டிய பெட்டி, பிரிக்கவே இல்லை. உள்ளே, படத்தில் பார்த்த அந்தக் கறுப்புப் பொம்மை நின்றது. சாயம் பூசியதாகத் தெரியாத, உள்ளிருந்தே கறுத்த கறுப்பு. ஒவ்வொரு சுருளும் தனித்தனி. கணுக்காலில் கோடு, அப்படியென்றால் மடங்கும்.

எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லச் சங்கரேஸ்வரி வாய் திறந்தாள். பத்தாயிரம் கட்டை நீட்டினவர்களிடம் தும்முவதுபோலத் தானாக வந்த வார்த்தை இப்போது வரவில்லை. பணத்தைத் தள்ளியது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்தது. பணத்தின்மேல் அவளுக்கு ஆசையே இருந்ததில்லை. ஆசை இல்லாததை மறுத்துவிட்டு இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறாள்.

"விலை சொல்லுங்க. தந்துருதேன்."

"உங்ககிட்ட வெல வாங்குனா வெளங்குமா? சும்மா வைங்கம்மா."

"அப்ப நாளைக்கு வந்து வாங்கிட்டுப் போங்க" என்றாள். ஏன் நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் பொம்மை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு காலை முன்வைத்து நின்றது, உட்கார்ந்தது, முழங்காலைக் கட்டிக்கொண்டது. நல்லகண்ணு காபியோடு வந்து பார்த்தார்.

"இதுக்குப் பில்லு எங்க?"

"நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப் போறேன்."

"நோட்டுல பக்கம் ஒதுக்கியிருக்க?"

நோட்டைப் பார்த்தாள். ஒதுக்கியிருந்தாள். தேதி கூடப் போட்டிருந்தாள்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனபோது அதைவிட மோசமான ஒன்று காத்திருந்தது. மேசையில் கோப்புகளின் அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது பரமசிவன் கோப்பு. பாண்டிராஜ் வைத்திருப்பான் என்று சீறிக் கூப்பிட்டாள். அவன் முந்தின நாள் மத்தியானமே விடுப்பில் போய்விட்டதாக வருகைப்பதிவேடு சொன்னது. வைத்தது அவள் கைதான். எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. கோப்பில் ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்கமுடியாது. அதை எடுத்து, தேதிப்படி எண்ணி, பதினேழாவதாகச் செருகினாள்.

பரமசிவன் வந்ததும் பெட்டியைக் கையில் கொடுத்தாள். பிரித்துத் தொட்டதற்கு மன்னிப்பு கேட்க நினைத்தாள். அது அவருக்குப் புரியாது என்று விட்டுவிட்டாள். அவர் முகம் செத்துப்போயிற்று.

"கொறஞ்சுபோச்சாம்மா?"

"ஜாஸ்தியாப் போச்சு அண்ணாச்சி. உங்க முறை வரும். வரும்போது ஆள் அனுப்புதேன்."

அதோடு முடிந்தது என்று நினைத்தாள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை ஃபஹீமாவின் கடைக்குப் போனபோது, எப்போதும் அவள் வாங்குகிற சாதாரணப் பொம்மையின் விலை இரண்டு மடங்காகியிருந்தது.

"என்ன ஃபஹீமா, தங்கத்துல செய்தாங்களா?"

"டிமாண்டு மேடம். உங்க ஆபீசுக்கு வாரவங்க எல்லாரும் இதத்தான் கேக்காங்க. வயசாளிங்க கூட. ஒருத்தர் பெட்டிக்குச் சந்தனம் வச்சு வாங்கிட்டுப் போனாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க திருப்பி எடுத்துக்கச் சொல்லி அனுப்புனதையும் எடுத்துக்கிட்டுப் பணம் குடுத்துட்டேன். பாண்டிராஜ் அண்ணன் கொண்டாந்தாங்க. வீட்ல ரெண்டு ரெண்டா இருக்காமே."

சங்கரேஸ்வரி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். மூலையில் காய்ந்த சந்தனம். அடியில் மல்லிகைப்பூ கட்டின நார் ஒட்டியிருந்தது. திறந்தாள். பொம்மையின் முதுகுப் பக்கம் மடித்த சீட்டில், நடுங்கின எழுத்தில், அவளுடைய அலுவலகக் கோப்பு எண் ஒன்று. இன்னொன்றைத் திறந்தாள், இன்னொரு எண். மூன்றாவது பெட்டியில் இரண்டு சீட்டுகள் இருந்தன. அந்தப் பொம்மை கடையிலிருந்து மனுதாரர் கைக்கும், அங்கிருந்து பாண்டிராஜ் கைக்கும், திரும்பக் கடைக்குமாக இரண்டு சுற்று வந்திருந்தது. அலுவலகத்தில் எந்தக் கோப்பும் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை.

ஃபஹீமாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "அல்லா, நான் இத வியாபாரம்னு நெனச்சிட்டேனே" என்றாள்.

திங்கட்கிழமை சங்கரேஸ்வரி பாண்டிராஜை முன்னால் நிறுத்தி, சீட்டுகளை வரிசையாக மேசையில் வைத்தாள். ஏழு சீட்டு.

அவன் மறுக்கவில்லை. "மேடம், நான் அவுக மனசாறதுக்காகச் செஞ்சேன். குடுத்துட்டுப் போறவன் மொகத்தப் பாருங்க, என்ன நிம்மதியாப் போறான்னு. உங்ககிட்ட வந்துட்டுப் போறவன் மொகம் அப்படியா இருக்கு?"

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. இருந்தும் மேலதிகாரிக்கு எழுதினாள். அவனை விசாரணை முடிகிறவரைக்கும் பழைய ஆவணங்கள் வைத்திருக்கிற அறைக்கு மாற்றினார்கள். ஏழு பேரையும் வரவழைத்து, ஃபஹீமா குறைந்ததைத் தன் கடையிலிருந்து சேர்த்துக் கொடுத்து அனுப்பிய ஏழு பெட்டிகளையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். வாங்கிப்போனவர்களில் ஒருவர்கூட மகிழவில்லை. தங்கள் காரியம் கெட்டது என்றே நினைத்தார்கள். வாசலில் "இங்கு பொம்மைகள் பெற்றுக்கொள்ளப்படமாட்டாது" என்று எழுதி ஒட்டினாள். அறிவிப்பை நின்று படித்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "அப்ப வேற எதுக்கோ மாறிட்டாக. என்னன்னு விசாரிக்கணும்" என்று சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

ஐந்து வாரம் கழித்துப் பரமசிவன் கோப்பின் முறை வந்தது. ஆள் அனுப்பினாள். அவர் எதிரிலேயே கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பினாள். அவர் போகாமல் நின்றார்.

"ஒரு சந்தேகம்மா. அன்னைக்கு அது உங்களுக்குப் பிடிக்கலையோ?"

"பிடிச்சுது அண்ணாச்சி. ரொம்பப் பிடிச்சுது. அதான் திருப்பித் தந்தேன்."

அவர் அதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். எந்தப் பக்கமும் பிடி கிடைக்கவில்லை போல.

"அது வந்தாலும் வந்துது, எங்க வீட்ல வேலை கெட்டுப்போச்சு" என்றார். "எம் மவ கோமதித்தாய் ஜாக்கெட் தைக்கிறவ. அதுக்குப் பாவாடை தச்சா, பெறவு சேலை. இப்ப அது ஒத்தையா நிக்குதுன்னு இன்னொண்ணு வேணுமாம். முப்பத்தஞ்சு வயசும்மா அவளுக்கு."

சங்கரேஸ்வரி பேனாவை மூடி வைத்தாள். பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

"சேலைக்குக் கொசுவம் நிக்குதா?"

"நிக்க மாட்டங்குன்னுதான் திட்டுதா."

"கனத்த துணி எடுத்திருப்பா. மெல்லிசா இருக்குமே, பழைய வாயில் சேலை, அதுல கிழிச்சுத் தைக்கச் சொல்லுங்க. கறுப்புத் துணிய அதுக்குப் போட்டே வைக்கக் கூடாது, சாயம் பிடிச்சிரும்." ஒரு துண்டுக் காகிதம் எடுத்து அளவு எழுதினாள். "மாசம் ஒண்ணுதான் வாங்கணும். பிடிச்சிருந்தா மட்டும். யாரும் சும்மா தந்தா வாங்கக் கூடாது. சொல்லுவீகளா?"

பரமசிவன் காகிதத்தை வாங்கி, அனுமதிக்கான ரசீதோடு சேர்த்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வரிசையில் அடுத்து நின்றவர் எட்டிப்பார்த்து, "அண்ணாச்சி, அதுல என்ன எழுதிக் குடுத்தாக?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாவாடை அளவு" என்றார் பரமசிவன். அவர் உண்மையைத்தான் சொன்னார். கேட்டவர் நம்பவில்லை.