நாயும் பறவையும்

என் கதாநாயகன் செய்யப்போவதை முதலில் நான் செய்து பார்ப்பேன். அவனைப் பாழுங்கிணற்றில் இறக்க வேண்டுமென்றால் நான் இறங்கிவிட்டு வந்துதான் எழுதுவேன். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் என் பதிப்பாளருக்கு இது நல்ல விளம்பரம். என் மனைவிக்குத் தலைவலி. நாற்காலியில் சாய்ந்துகொண்டு சாகசக் கதை எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

புதிய நாவலில் அவன் நாரின் மலைகளில் ஒரு பனிப்பள்ளத்தைத் தனியாகக் குதிரையில் கடக்கிறான். அதற்காகத்தான் ஆடு மேய்க்கும் ஜபார்குல் வீட்டில் போய்த் தங்கினேன். தன்னிடம் இருந்ததிலேயே சாதுவான குதிரையை அவர் எனக்குக் கொடுத்தார். செம்பட்டை நிறப் பெண்குதிரை, சினையாக இருந்தது.

கிளம்பும்போது அவர் மனைவி பாத்மா உப்புத் தேநீரும் ரொட்டியும் வைத்தாள்.

"நல்லா சாப்பிடுங்க, எழுத்தாளரே. உங்க புத்தகத்துல ஒருத்தனும் சாப்பிடறதே இல்ல. ஓடிக்கிட்டே இருக்கான்."

"சாப்பிட்டா கதை நின்னுடும், அக்கா."

"பசிச்சா ஆளே நின்னுடுவான். சரி, அந்தப் பள்ளத்துல நாயும் பறவையும் சுத்துது. குதிரைய விட்டு எறங்காதீங்க."

ஏதோ பக்கத்து மந்தையின் காவல் நாய்கள், நாலு காக்கைகள் என்று நினைத்துக்கொண்டேன். நான் நகரத்தில் ரஷ்யப் பள்ளியில் படித்தவன். கிர்கிஸ் என் தாய்மொழிதான். ஆனால் அதில் பாதி எனக்குத் தெரியாது என்பது தெரியாமலே வளர்ந்துவிட்டேன்.

மதியம் பள்ளத்தின் வாயில், கூட வந்த ஜபார்குலை முன்னால் போகச் சொன்னேன்.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கண்ணே. தனியா வந்தாத்தான் பயம் வரும்."

"பயத்தக் காசு குடுத்து வாங்க வந்த ஆள இப்பத்தான் பாக்கறேன்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

பாதி வழியில் பனி காலடியில் எப்படிச் சத்தமிடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. இறங்கினேன். பத்தடி நடந்திருப்பேன். குதிரை காதுகளை நிமிர்த்தி மூக்கால் சீறியது. கடிவாளம் என் கையிலிருந்து உருவிக்கொண்டு போக, அது பள்ளத்தின் அடியை நோக்கி ஓடியது.

எனக்கு மேலே, சரிவில் மூன்று நாய்கள் நின்றன. ஒன்றும் குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்தி என்னையே பார்த்தன. நான்காவது ஒன்று பாறைக்குப் பின்னாலிருந்து வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மேய்ச்சல்காரர்கள் ஓநாயின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்துவிடும் என்று பயந்து 'நாயும் பறவையும்' என்பார்கள்.

என் கதாநாயகன் இந்த இடத்தில் கத்தியை உருவியிருப்பான். என் இடுப்பிலும் கத்தி இருந்தது. கை அங்கே போகவே இல்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கால்சட்டை நனைந்து தொடையில் சூடு இறங்கியது. இத்தனை வருடம் பயத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஒரு வரிகூட உண்மையில்லை. செத்துப்போகப் போகிறேன், என்னைத் தின்னப் போகின்றன என்பதைத் தவிர மனதில் வேறு எதுவுமே இல்லை.

முன்னால் நின்றது இரண்டு அடி எடுத்து வைத்தது. அப்போது பள்ளத்தின் அடியில் குதிரை பனியில் சறுக்கி விழுந்த சத்தம் கேட்டது. நான்கு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. பிறகு அவை என்னைத் தாண்டி, ஒரு கல்லைத் தாண்டுவதுபோலத் தாண்டி ஓடின.

ஜபார்குல் வந்தபோது நான் பனியில் உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து குதிரையின் குரல் வந்துகொண்டிருந்தது. குதிரை அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாது. என் நாவல்களில் எத்தனையோ குதிரைகள் விழுந்து செத்திருக்கின்றன, ஒன்றும் கத்தியதில்லை.

அவர் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது.

"இன்னும் உசுரு இருக்கு. முடிச்சு வைக்கணும். வாங்க, செஞ்சு பாத்துட்டுத்தானே எழுதுவீங்க."

அவர் கேலி செய்யவில்லை. துப்பாக்கியின் கட்டையை என் பக்கம் நீட்டினார். நான் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"என்னால முடியாது, அண்ணே."

அவர் துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தனியாக இறங்கினார். அவர் கீழே போய்ச் சேரும்வரை அது கத்திக்கொண்டே இருந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு, அவர் சீக்கிரம் சுட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.