மச்சம் ஏற்றாத கெப்

அழகமுத்துவின் கெப் சைவம். இதை நான் சொல்லவில்லை, அவரே கோயில் பரிபாலன சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். வாங்கிய பதினாறு வருடத்தில் மீன், இறைச்சி, கோழி என்று மச்சம் எதுவும் அதில் ஏறியதில்லை. தேங்காய், அரிசி, வெங்காயம் தவிர வேறு வாடை அந்தச் சின்னச் சரக்கு வண்டியின் பின் பெட்டிக்குத் தெரியாது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து மோந்து பார்க்கலாம் என்றார். இரண்டு பேர் உண்மையாகவே எழுந்து போய் மோந்து பார்த்தார்கள். சவர்க்கார வாசமும் மஞ்சள் வாசமும்தான் வருகிறது என்று திரும்பி வந்து சபைக்கு அறிவித்தார்கள்.

விடயம் இதுதான். கெலிஓயாவில் எங்கள் அம்மன் திருவிழா ஊர்வலம் ஏழு வருடமாகப் பொன்னுத்துரையின் லொறியில்தான் நடக்கிறது. பொன்னுத்துரை சபையின் செயலாளர். அழகமுத்துவின் மனைவி இராஜகுமாரியின் கூடப்பிறந்த அண்ணன். அந்த லொறி வருடத்தில் ஒருநாள் அம்மனுக்கு ஓடும், மற்ற நாட்களில் கிடைத்ததற்கெல்லாம் ஓடும். போன வருடம் அது பிலிமத்தலாவையில் ஒரு கலியாண வீட்டுக்கு நூறு கோழி இறக்கியதை யாரோ கண்டுவிட்டார்கள். அந்த யாரோ அழகமுத்துதான். கோழி ஏறிய இடத்தில் அம்மன் ஏறலாமா என்று சபையில் கேள்வி எழுந்தபோது, அதற்கான பதில் கழுவித் துடைத்துக் கோயில் வாசலில் தயாராக நின்றது.

பலசரக்குக் கடை, சொந்த வீடு, கட்டிக்கொடுத்த இரண்டு மகள்மார் எல்லாம் அவருக்கு உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் பாக்கியிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். அம்மன் பின்னால் இருக்க, தலைப்பாகையோடு முன்னால் உட்கார்ந்து, ஊர் முழுக்க வீதியோரம் கும்பிட்டு நிற்க, ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியை ஓட்டிப் போக வேண்டும். கும்பிடு அம்மனுக்குத்தான், ஆனால் அது அவர் முகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பட்டுக்கரை வேட்டிகூட வாங்கியாயிற்று.

பொன்னுத்துரை லேசில் விடுகிற ஆள் இல்லை.

"பெட்டி சைவந்தான் மச்சான், ஒத்துக்கிறேன். ஆனா முன் பக்கம் முக்குதே! பள்ளத்துல எறங்குறப்ப பிள்ளை பெறப் போற மாதிரி சத்தம். அம்மன் மேல இருக்கிறப்ப சக்கரம் கழண்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஹுஸைன் பாஸ் பாத்து, நல்லதுன்னு எழுதிக் குடுக்கட்டும்."

சபை அதையே தீர்மானமாக எழுதியது. திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது.

ஹுஸைன் பாஸின் கராஜ் எங்கள் வீட்டு யன்னலுக்கு நேர் எதிரே. வண்டி திருத்துகிற பாஸ் என்று கெலிஓயாவிலிருந்து கம்பளை வரைக்கும் அவருக்குப் பெயர் உண்டு. தேவையில்லாமல் ஒரு சாமான் மாற்ற மாட்டார். மாற்றினால் கழற்றிய பழையதைச் சாக்கில் போட்டு உரிமையாளரின் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கழற்றியதைக் காட்டாத பாஸுக்குக் கூலி வாங்க முகம் இல்லை என்பது அவருடைய கொள்கை. நேர்மையால் ஒரு குடும்பம் கலையுமா என்று கேட்டால், கலையத்தான் பார்த்தது.

கெப்பை ஜெக்கில் ஏற்றி முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் கை போன்ற இரும்பு உண்டு. லோவர் ஆர்ம் என்பார்கள். அதைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். 'டங்' என்று வர வேண்டிய சத்தம் 'பொத்' என்று வந்தது. அடுத்த தட்டில் சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது.

"அல்லாஹ்வே! முதலாளி, பப்படத்துல தொங்கிட்டு ஈக்குது வண்டி. இத வெச்சா இவ்வளவு நாளும் ஓடினீங்க?"

"மழைத் தண்ணி பாஸ். நம்ம ஊரு மழை தெரியுந்தானே."

"மழைக்கு மேலால பிடிக்கும். இது உள்ளுக்குள்ளால தின்னிருக்கு."

போல்ட்கள் அசையவில்லை. ஒரு முழு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். மறுநாள் நெருப்பால் சூடாக்கி, நீளக் குழாயை ஸ்பேனர் சாவியில் மாட்டித் தொங்கினார். கடைசியில் கிரைண்டரை எடுத்து அறுத்தார். முதல் கை விழுந்தபோது அதோடு கைப்பிடியளவு மணலும் கொட்டியது. ஹுஸைன் அதைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"இது ஆத்து மணல் இல்ல முதலாளி. கடல் மணல். பாருங்க, சிப்பி."

"முந்தி வெச்சிருந்தவன் கடல் பக்கத்து ஆளா இருப்பான்."

"நீங்க வாங்கிப் பதினாறு வருஷம். இந்த மணல் இன்னும் ஈரம்."

"ரோட்டு வேலைக்குக் கொட்டின மணலா இருக்கும்."

"இப்ப ரோட்டுக்குச் சிப்பியா போடுறாங்க?"

"பாஸ், நீங்க வேலையப் பாருங்க."

ஹுஸைன் வேலையைப் பார்த்தார். இரண்டாம் தரம் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதற்கு நாங்கள் இருக்கிறோம்.

பிலிமத்தலாவைக் கடையிலிருந்து ஜப்பானில் பழைய வண்டியில் கழற்றி வந்த கைகள் இரண்டும் புது மூட்டுகளும் ரப்பர் புஷ்களும் வந்தன. வியாழக்கிழமை மாலை கெப் கீழே இறங்கியது. பள்ளத்தில் விட்டுப் பார்த்தார்கள், சத்தமே இல்லை. ஹுஸைன் நல்லதென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அழகமுத்து கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நேரே சபைக்குப் போனார். ஹுஸைன் பழைய சாமான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே அழகமுத்துவின் வீட்டுக்குப் போனார்.

"முதலாளி இல்லியா? பரவாயில்ல தங்கச்சி, நீங்களே எண்ணிப் பாத்துக்கங்க. ஒண்ணும் கொறையாது."

குறையவில்லை, கூடத்தான் இருந்தது. இராஜகுமாரி சாக்கை வாசலில் கவிழ்த்ததும் இரும்புகளோடு வெள்ளை மணலும் சிப்பித் துண்டுகளும் கொட்டின. அவள் விளக்குமாற்றால் அதைக் கூட்டி, ஒரு துகளும் சிந்தாமல், எவர்சில்வர் டம்ளரில் போட்டு மேசையில் வைத்தாள்.

அவளுடைய கணக்கு எளிமையானது. ஒன்றுவிட்ட ஒரு கிழமை, புதன்கிழமைகளில், கணவர் கெப்பை எடுத்துக்கொண்டு தம்புள்ளைக்கு வெங்காயம் ஏற்றப் போவார். மறுநாள்தான் வருவார். தம்புள்ளையில் கடல் இல்லை. இது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்று அவர் சபையில் வெற்றி பெற்று வீட்டுக்கு வந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக டம்ளர் வந்தது.

"யாரவ?"

"எவ?"

"கடல்கரையில இருக்கிறவ."

"பைத்தியமா உனக்கு? அப்படியெல்லாம் ஒருத்தரும் இல்ல."

"அப்ப இந்த மணல் என்னாங்க, நடந்தா வந்துச்சு?"

அழகமுத்து டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டுப் படுக்கப் போனார். பதில் இல்லாத வீட்டைப் பற்றி மற்றவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது. எங்கள் தெரு யோசித்தது. வெள்ளிக்கிழமை காலையில் திருகோணமலைப் பக்கம் ஒரு பெண் என்று முடிவானது, பகலுக்குள் அவளுக்கு நல்ல நிறமும் வந்தது. மாலையில் ஒரு பிள்ளை, விளக்கு வைக்கும்போது இரண்டு. சனிக்கிழமை காலையில் மூத்தவன் பாடசாலைக்கே போகத் தொடங்கிவிட்டான். அழகமுத்து கடையில் உட்கார்ந்து எல்லோருடைய பார்வையையும் வாங்கிக்கொண்டிருந்தார். ஆத்திரப்படவில்லை, மறுக்கவுமில்லை. இரண்டு மூட்டைகளை இரண்டு கையில் தூக்கி எது பாரம் என்று பார்க்கிறவர் மாதிரிதான் இருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் இராஜகுமாரி பையில் ஐந்து சேலையை மடித்து வைத்துவிட்டு அண்ணனை அழைத்தாள். நான் அந்த நேரம் கறிவேப்பிலை கேட்கப் போயிருந்தேன். போ என்று யாரும் சொல்லவில்லை.

பொன்னுத்துரை கதிரையில் உட்கார்ந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"சொல்லு மச்சான். நாளைக்கு ஊர்வலம். ரெண்டு வீடு வெச்சிருக்கிற ஆளு அம்மன் வண்டியை ஓட்டுறதான்னு சபையில கேட்டா நான் என்னா சொல்லட்டும்?"

"எனக்கு ஒரே வீடுதான்."

"அத விடு அண்ணே," என்றாள் இராஜகுமாரி. "சபை பேச்சுக்கு நான் உன்னைக் கூப்பிடல. நான் இப்ப உன்னோட வாறதா, இல்லையா? அத மட்டும் இவரச் சொல்லச் சொல்லு."

அழகமுத்து பையைப் பார்த்தார். அப்புறம் அலுமாரிக் கைப்பிடியில் தொங்கிய பட்டுக்கரை வேட்டியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"கருவாடு."

யாருக்கும் விளங்கவில்லை.

"கருவாடு ஏத்துறேன். மூணு வருஷமா. தம்புள்ளைன்னு சொல்லிட்டு அதுக்கு அங்கிட்டு குச்சவெளிக்குப் போவேன். கருவாடு காயவைக்கிற வாடி கடற்கரையிலதான். ரிவர்ஸ்ல வாடிப் பக்கம் விட்டுருவேன், மூக்கு கடலுக்குள்ள நிக்கும். ஏத்துற வரைக்கும் அலை அடிக்கும். மாத்தளையில ஒரு கடைக்கு இறக்கிட்டு, பெட்டியக் கழுவி மஞ்சத் தண்ணி தெளிச்சு, அங்கேயே வெங்காயம் வாங்கிட்டு வந்துருவேன். மேலதான் கழுவினேன். கீழ கழுவல."

இராஜகுமாரி சிரித்தாள். அது கேட்க நல்ல சிரிப்பாக இல்லை.

"பொம்பளைய மறைக்கக் கருவாடா? வேற பொய்யே கிடைக்கலையா உங்களுக்கு? ஊரையே மோந்து பாக்க வெச்ச மனுசன்!"

"நான் நம்புறேன்," என்றார் பொன்னுத்துரை. கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டார்.

"நீ நம்புவ! கருவாடுன்னா ஊர்வலம் உன் லொறிக்குத் திரும்ப வரும்ல!"

பொன்னுத்துரை டம்ளரை மறுபடி ஆராயத் தொடங்கினார். அழகமுத்து போனை எடுத்தார்.

"மச்சான், நீ ஒரு நிமிஷம் வெளியில நிக்கிறியா?"

"நான் எதுக்கு நிக்கணும்? என் தங்கச்சி வாழ்க்கை."

இன்னும் ஒரு வழி இருந்தது. போனை உள்ளே வைத்துவிட்டு, மனைவியை அண்ணனோடு அனுப்பிவிட்டு, நாளைக்குத் தலைப்பாகையோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கலாம். பெண் விவகாரத்தைச் சபை விசாரித்து முடிக்க மூன்று கூட்டமாவது ஆகும், ஊர்வலம் ஒருநாள்தான். அந்தக் கணக்கு அவர் முகத்தில் அப்படியே ஓடியது. பிறகு விரல் ஒரு பெயரைத் தட்டியது. 'தம்புள்ளை வெங்காயம்' என்று பதிந்து வைத்திருந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ?"

பெண் குரல். இராஜகுமாரி பையைத் தூக்கினாள்.

"அழகமுத்து அண்ணையோ? என்ன அண்ணை, கோயில் திருவிழா, இந்தக் கிழமை வரமாட்டன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"துஷ்யந்தி... சும்மாதான் எடுத்தேன். சாமான் என்னா இருக்கு?"

"நெத்தலி காய்ஞ்சு கிடக்கு. கட்டா மீன் இன்னும் ரெண்டு வெயில் காயவேணும். அண்ணை, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. இனி வண்டியைத் தண்ணிக்குள்ள விடாதேங்கோ. போன முறை தள்ளினதில இவர் இன்னும் நாரி, இடுப்பெல்லாம் நோகுது எண்டு படுத்துக் கிடக்கிறார்."

இராஜகுமாரி பையைக் கீழே வைத்தாள். கணவரின் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"நான் அவரு வீட்டுக்காரி பேசுறேன். மூணு வருஷமா ஏத்துறாராமே. வீட்டுக்குன்னு ஒரு கருவாட்டுத் தலையாவது குடுத்து விட்டீங்களா?"

"ஐயோ அக்கா, நான் ஒவ்வொரு முறையும் கேக்கிறனான். வீட்டில எல்லாரும் சைவம் எண்டு சொல்லிப்போட்டார்!"

"சைவமா? வெள்ளியும் செவ்வாயும் மட்டுந்தான்! மத்த நாளெல்லாம் நான் கம்பளை சந்தையில காசு குடுத்து வாங்குறேன் அக்கா, அதுவும் பாதி தூள். நெத்தலி ரெண்டு கிலோ தனியா கட்டி வைங்க."

பேச்சு இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. எந்த மீன் எந்த மாதத்தில் நல்லது, துஷ்யந்தியின் புருஷனுக்கு எந்தத் தைலம் பூச வேண்டும் என்றெல்லாம் போயிற்று. இடையில் பொன்னுத்துரை எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப நான் வாறேன் மச்சான். லொறியைக் கழுவச் சொல்லணும்."

"அதுல கோழி ஏறினதுதானே?"

"கோழிய எல்லாரும் கண்டாங்க, நான் மறைக்கல," என்றார் பொன்னுத்துரை. "மஞ்சத் தண்ணி எந்தக் கடையில வாங்கின?"

"என் கடையிலதான். மஞ்சத் தூள் தாறேன், கொண்டு போ."

சபைக்கு யாரும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் கறிவேப்பிலையோடு தெருமுனைக்கு வந்து சேர்ந்தபோதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மிச்சத்தை நான் சொன்னேன். இரண்டு பிள்ளைகளும் ஒரு நல்ல நிறமும் சில நிமிடங்களில் இல்லாமல் போய்விட்டதில் சிலருக்கு வருத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் லொறியில் வந்தாள். பொன்னுத்துரை முன் ஆசனத்தில் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அழகமுத்து பட்டுக்கரை வேட்டியோடு வீட்டு வாசலில் தட்டேந்தி நின்றார். தலைப்பாகை கட்டவில்லை. லொறி நின்றது, ஐயர் தட்டை வாங்கித் தீபம் காட்டித் திருநீறு கொடுத்தார், லொறி போய்விட்டது. எண்ணி ஒன்றரை நிமிடம். கெப் வீட்டின் பக்கவாட்டில், அம்மன் கண்ணுக்குப் படாதபடி, தார்ப்பாயால் மூடிக் கிடந்தது.

திங்கட்கிழமை காலையில் அது மறுபடி கராஜ் வாசலில் நின்றது. அழகமுத்து இறங்கினார். தெருவுக்கே கேட்கிற குரலில், இத்தனை வருடத்தில் நான் கேட்டறியாத ஒரு சத்தத்தில், கேட்டார்:

"பாஸ், கடல் தண்ணி பிடிக்காம இருக்க அடியில என்னா பூசணும்?"

ஹுஸைன் கையைத் துணியில் துடைத்தபடி குனிந்து பார்த்தார்.

"பழைய எஞ்சின் எண்ணெய் அடிச்சித் தாரன். ஒவ்வொரு பயணத்துக்குப் பொறகும் நல்ல தண்ணியால கீழாலயும் கழுவணும். இத அப்பவே கேட்டிருந்தீங்கன்னா, முதலாளி, அந்த ரெண்டு கையும் இன்னும் பத்து வருஷம் நின்டிருக்கும்."

"அப்ப கேக்க முடியாது பாஸ்," என்றார் அழகமுத்து. "புதன்கிழமைக்கு முந்தித் தந்துருங்க. அவளும் வாறாளாம்."