கிளெனிஸின் பூஜ்யம்

மாலை நான்கு மணிக்குள் கிளெனிஸ் ஃபெரிபிக்கு ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். இப்போது மணி மூன்று பத்து. வரிசையில் அவளுக்கு முன்னால் ஐந்து பேர்.

கிளீதார்ப்ஸ் கடற்கரை ஊரில் பதினோரு வருடம் காற்றுக் கோட்டைகளை வாடகைக்கு விட்டவள் அவள். பிறந்தநாள் வீட்டுத் தோட்டத்தில் ஊதி நிறுத்தினால் பிள்ளைகள் ஏறிக் குதிகுதியென்று குதிக்குமே, அவைதான். அடுத்தடுத்து இரண்டு கோடைகள் மழையிலேயே போயின. ஈரக் கோட்டையில் யார் குதிப்பார்கள்? மூன்று வாரத்துக்கு முன் அவளே மனுப் போட்டுத் திவாலானாள். கோட்டைகள் திவால் அதிகாரியிடம் போயின. செய்தி எட்டியதும் பழைய வங்கி அவள் கணக்கைப் பூட்டிவிட்டது. பூட்டிய கணக்கு எலிப்பொறி மாதிரி. பணம் உள்ளே போகும், வெளியே வராது.

முதலில் அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பொறிக்குள் போட எலியே இல்லையே! மீன் துண்டுகளுக்கு ரொட்டித்தூள் பூசும் ஆலையில் வேலை கிடைத்தபோதுதான் சிக்கல் வந்தது. சேர்ந்த அன்று கூச்சத்தில் பழைய கணக்கு எண்ணையே எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்று காலை உண்மையைச் சொன்னதும், சம்பளப் பட்டியல் பார்க்கும் வெண்டி பதறினாள்.

"நாலு மணிக்குப் பட்டியலை அனுப்பிடுவேன் கண்ணு. அதுக்குள்ள புது நம்பர் சொல்லு. இல்லேன்னா வெள்ளிக்கிழமை சம்பளம் நேரா அந்தப் பொறிக்குள்ளதான் போய் விழும்."

வெள்ளிக்கிழமைதான் வாடகை நாள். வீட்டு மின் மீட்டரில் முன்கூட்டிப் போட்ட காசில் மிச்சம் ஒன்றரைப் பவுண்டு.

மூன்று நாற்பதுக்கு அவள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் லொரெய்ன் என்று பெயர் அட்டை குத்திய அம்மாள். கிளெனிஸ் ஓட்டுநர் உரிமத்தை நீட்டி, குனிந்து, "சாதாரணக் கணக்கு ஒண்ணு திறக்கணும்" என்று கிசுகிசுத்தாள்.

லொரெய்ன் தட்டினாள், பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். "மன்னிச்சுக்கோங்க மேடம். கம்ப்யூட்டர் வேணாங்குது."

"ஏன்னு சொல்லுதா?"

"அது என்னிக்கு ஏன்னு சொல்லியிருக்கு!"

ஏன் என்பது கிளெனிஸுக்கே தெரியும். சாதாரணக் கணக்குக்குள் ஒரு கடன் சுருண்டு படுத்திருக்கிறது. கையிருப்பு தீர்ந்த பிறகும் கொஞ்சம் எடுக்க விடும் வசதி அது. ஆகவே வங்கி முதலில் ஆளின் பழைய கதையைப் புரட்டிப் பார்க்கும். அடிப்படைக் கணக்கு என்று இன்னொன்று உண்டு, அது அப்படியல்ல. சம்பளம் உள்ளே வரும், வாடகை வெளியே போகும், இருப்பதற்கு மேல் ஒரு பென்னி நகராது. கடனே இல்லாததால் வங்கிக்கு இழக்கவும் ஒன்றுமில்லை, திவாலானவருக்கும் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: அதை எந்த வங்கியும் வாசல் கண்ணாடியில் விளம்பரமாக ஒட்டி வைப்பதில்லை, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இலவச ஆலோசனைத் தொலைபேசியில் இதையெல்லாம் பொறுமையாக விளக்கியிருந்தார்கள்.

ஆனால் இது கிளீதார்ப்ஸ். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவரிடம் இடுப்பு அறுவைச் சிகிச்சையைத் தையல் தையலாக விவரிப்பார்கள். பணத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள்.

"என் தோழி ஒருத்தி இருக்கா," என்றாள் கிளெனிஸ். "அவளுக்கு வேற மாதிரிக் கணக்கு வேணுமாம்."

"அவங்க நேர்ல வரணுமே மேடம்."

"வந்திருக்கா."

லொரெய்ன் எட்டிப் பார்த்தாள். "எங்கே?"

கிளெனிஸுக்குப் பின்னால் மீன் வாடையோடு நின்றிருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, மணி மூணே முக்கால். அந்தத் தோழியைக் கொஞ்சம் வாயைத் திறக்கச் சொல்லுங்க."

கிளெனிஸுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அதை அடக்கப் போக, குரல்தான் வெடித்தது. "நான் திவாலாயிட்டேன்! எனக்கு அடிப்படைக் கணக்கு வேணும்!"

நான்கு பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்கடன் துண்டுப்பிரசுரங்களைப் படிக்கத் தொடங்கினார்கள்.

"அட, நானும்தான்," என்றார் மீன் வாடைக்காரர். "மார்ச்சுல. எங்க மீன்-சிப்ஸ் கடை."

"என் மாப்பிள்ளை ரெண்டு தடவை!" கடைசியில் நின்ற அம்மாள் பெருமையாகக் கையைத் தூக்கினாள்.

"முதல்லயே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? ரெண்டு நிமிஷ வேலை," என்று லொரெய்ன் வேறொரு திரையைத் திறந்தாள். "ஓட்டுநர் உரிமம் இருக்கு, சரி. ஆனா அதுல பழைய வீடு. இப்போதைய விலாசத்துக்கு உங்க பேர்ல ஏதாவது காகிதம்?"

வாடகை அறைக்கு அவள் பெயரில் வந்திருந்த கடிதம் ஒன்றே ஒன்று. எட்டாக மடித்து, பைக்குள் பையில், யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தாள். எடுத்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். திவால் அதிகாரியின் கடிதம்.

"பிரமாதம்!" என்றாள் லொரெய்ன். "அரசாங்கமே உங்க பேரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்திருக்கு. தேதி போன வாரம். இதைவிட என்ன வேணும்?"

மூன்று ஐம்பத்து மூன்றுக்குக் கணக்கு எண் பிறந்தது. கிளெனிஸ் வெண்டியை அழைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, பின்னால் வரிசையே சேர்ந்து அதை முணுமுணுத்தது.

"ஏறிடுச்சு கண்ணு," என்றாள் வெண்டி. "வெள்ளிக்கிழமை வந்துரும். அங்க என்ன, கோயில் பாட்டா?"

லொரெய்ன் திரையைத் திருப்பிக் காட்டினாள். இருப்பு: பூஜ்யம்.

கிளெனிஸ் அதையே பார்த்தாள். இரண்டு வருடமாக அவள் கணக்கில் எந்த எண்ணுக்கு முன்னாலும் ஒரு கழித்தல் குறி இருந்தது. இதற்கு முன்னால் எதுவுமே இல்லை.

"இதை அச்சடிச்சுத் தர முடியுமா?"

"பூஜ்யத்தையா மேடம்?"

"ஆமா. ரெண்டு வருஷத்துல என்கிட்ட இவ்வளவு பெரிய தொகை இருந்ததே இல்லை."

தாளை மடிக்காமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வங்கிக்கு மூன்று படிகள். மூன்றையும் ஒரே குதியில் கடந்தாள்.