ஒரு பிடி யூரியா

...பச்சை, எப்படிப் பச்சையாகும், முந்தாநாள் தஞ்சாவூருக்குக் கிளம்பும்போது இந்த மூன்று தொட்டியும் நல்ல மஞ்சளாக இருந்தன, எனக்கு அப்படித்தான் வேண்டும், அதற்காகத்தானே நைட்ரஜனை நிறுத்திப் பட்டினி போட்டேன், பட்டினி கிடந்தால்தான் இந்த நுண்பாசி வளர்வதை விட்டுவிட்டு உடம்புக்குள் எண்ணெய் சேர்க்கும், தீனி போட்டால் சேர்த்ததையும் தின்றுவிட்டுப் பச்சையாகப் பெருகும், இதோ பெருகியிருக்கிறது. அப்பாவைத் தவிர யார் செய்திருப்பார்கள், நாற்று மஞ்சளித்தால் யூரியா, அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். யூரியா மட்டுமா, மேலே தென்னங்கீற்று வேறு, வெயில் தாங்காதாம்... வெயில் வேண்டும் என்றுதானே பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து வைத்தேன். ஏசி அறையில் இருபத்தைந்து டிகிரியில் எல்லாப் பாசியும் வளரும், கத்திரி வெயிலில் தண்ணீர் முப்பத்தாறைத் தொட்டால் எண்ணெய் கூடுகிறதா, பாசியே வெந்து சாகிறதா, அதைக் காட்டுங்கள் என்று போன தடவை ஆய்வுக் குழுவில் கேட்டார்கள். திங்கட்கிழமை காட்ட வேண்டும். இனி நீட்டிப்பு கேட்காதே தமிழ்நிலா, முனைவர் பட்டப் பதிவே ரத்தாகிவிடும் என்று நெறியாளர் சொல்லியாகிவிட்டது. இன்றைக்கு வடித்து எண்ணெய் பார்க்க வேண்டியதை இந்த மனுஷர் ஒரே கையால் கரைத்துவிட்டார், ஐந்து வருஷம், பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

கீற்றை உருவி வேலியோரம் வீசுகிறேன், சத்தம் கேட்டு அப்பா வந்து நிற்கிறார், முகத்தில் ஒரு பெருமை வேறு, மஞ்சள் நன்றாகத் தெளிந்துவிட்டது பார்த்தாயா என்கிறார். கத்தினால் அம்மா ஓடிவருவாள், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன்.

"எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு பிடிதான் பாப்பா. தொட்டிக்கு ஒரு பிடி."

ஒரு பிடி, அதை எந்த அட்டவணையில் போடுவது, யார் கேட்டது இவரை, கேட்காத பாசிக்கு ஓடிவந்து போடத் தெரிகிறது, ஒரத்தநாட்டு விடுதியில் தங்கிப் படித்தபோது காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாக நான் கிடந்தேனே, அப்போது எங்கே போயிருந்தார். மோர்ச்சோறும் கீழாநெல்லியும் எடுத்துக்கொண்டு அம்மா மட்டும் பஸ் ஏறி வந்தாள், அப்பாவுக்கு நடவு வேலை என்றாள், நானும் நம்பினேன்... நம்பினேனா? வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தேன், பக்கத்துக் கட்டில் பெண்ணின் அப்பா வந்தார், வார்டனின் தம்பி வந்தார், இவர் வரவில்லை. அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது பாசிக்காகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, ஏனென்றால் வாயிலிருந்து வந்தது தொட்டியைப் பற்றியே இல்லை, நான் மஞ்சளா கெடந்தப்ப வரல, இதுக்கு மட்டும் ஏன் வந்தீங்க என்று வந்தது.

அப்பா தொட்டியைத்தான் பார்க்கிறார். வேட்டியில் கையைத் துடைக்கிறார், துடைக்க ஒன்றுமில்லை.

"வந்தேன். ஜன்னல் வழியா பாத்தேன். மஞ்சளா பாத்தா எனக்கு ஆவாது பாப்பா... திரும்பிட்டேன்."

திரும்பிவிட்டாராம். ஒரத்தநாடு வரை வந்து, நான் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்க, ஜன்னலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாராம். இது வராததைவிட மோசமில்லையா, இதற்கு நான் இரங்க வேண்டுமா, முடியாது, இரங்க மாட்டேன். மூன்று தொட்டி போயிற்று, திங்கட்கிழமை போயிற்று. வெயில் ஏறுகிறது, தண்ணீரில் கை வைத்துப் பார்க்கிறேன், கீற்று நிழலில் கிடந்தும் சுடுகிறது. அப்பா இன்னும் நிற்கிறார். அந்தக் கட்டிலுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது, தலைமாட்டிலா... நான் வாசலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.